முதல் ஜாய்ஸ்டிக்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் எச்.ஏ.எல். ரன்வேயிலிருந்து எழும்பும் விமானங்கள் கண்ணுக்குத் தெரியும். 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புது விமான நிலையம் திறந்த பிறகு பயணிகள் விமானங்கள் அங்கே போய்விட்டன. தேஜஸும் ஹெலிகாப்டர்களும் இன்னும் எங்கள் தலைக்கு மேலேதான் போகின்றன. அந்தச் சத்தத்திலேயே வளர்கிற பிள்ளைகளுக்கு விமானம் ஓட்டிப் பார்க்கும் ஆசை வராமல் இருக்குமா?

நான் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டரில், சிமுலேட்டர் என்ற மென்பொருளில், விமானம் ஓட்டுகிறேன். அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து யாராவது ஒருவர் வாரா வாரம் ஜாய்ஸ்டிக் பற்றிக் கேட்டு வருகிறார். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைத்து, பதிலும் சேர்த்திருக்கிறேன்.

அண்ணா, கீபோர்டு இருக்கே, அதுல ஓட்ட முடியாதா?

ஓட்டலாம். ஆனால் கற்றுக்கொள்ள முடியாது. கீபோர்டில் ஒரு பட்டன் ஒன்று அமுங்கும், இல்லை அமுங்காது. நடுவில் எதுவும் கிடையாது. விமானத்துக்கு வேண்டியதோ அந்த நடுவுதான். சக்கரம் தரையைத் தொடுவதற்கு முந்தைய நாலைந்து விநாடியில் மூக்கைக் கொஞ்சமாக, இன்னும் கொஞ்சமாக என்று தூக்கிக்கொண்டே வர வேண்டும். அந்தக் ‘கொஞ்சம்’ விரல் நுனியில் தெரிய வேண்டுமென்றால் கையில் ஒரு குச்சி வேண்டும்.

கடைக்காரர் மூணு ஆக்ஸிஸ், நாலு ஆக்ஸிஸ்னு சொல்றார். அப்படின்னா என்ன சார்?

ஆக்ஸிஸ் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தக்கூடிய ஒவ்வொரு அசைவும். குச்சியை இடம் வலமாகச் சாய்ப்பது ஒன்று. அது இறக்கையிலுள்ள ஏலரானை அசைத்து விமானத்தைச் சாய்க்கும். முன்னும் பின்னும் தள்ளுவது இரண்டாவது. அது வாலிலுள்ள எலிவேட்டரை அசைத்து மூக்கை ஏற்றி இறக்கும். குச்சியையே திருகுவது மூன்றாவது. அதுதான் ரடர், மூக்கை இடம் வலமாகத் திருப்பும். நிஜ விமானத்தில் இதைக் காலால் மிதிப்பார்கள். அடித்தட்டில் இருக்கும் தள்ளுகோல் நான்காவது. அது த்ராட்டில், எஞ்சினின் பலம்.

இந்த நான்கும் இருந்தால் ஒரு சின்ன விமானத்தை முழுமையாக ஓட்டலாம். ஒன்று குறைந்தாலும் அதற்குக் கீபோர்டைத் தேட வேண்டியிருக்கும். மிகக் குறைந்த விலை மாடல்களில் பெரும்பாலும் திருகும் வசதிதான் விடுபட்டிருக்கும். அப்படிப்பட்ட மாடலை மட்டும் வாங்காதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது ரன்வேயில் இடது பக்கம் இழுப்பதைப் பற்றிய கேள்விக்கு வரும்போது புரியும்.

ஐயாயிரம்தான் கையில இருக்கு. எதை வாங்கலாம்?

லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ. பல வருடமாகச் சந்தையில் இருக்கும் மாடல் இது. நான்கு ஆக்ஸிஸ், 12 பட்டன், தலையில் எட்டுத் திசைக்கும் தள்ளக்கூடிய ஹேட் சுவிட்ச். யு.எஸ்.பி.யில் செருகினால் விண்டோஸ் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். இணையத்தில் தள்ளுபடி நாட்களில் ஐயாயிரத்துக்குள் கிடைக்கும். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் பில்லும் உத்தரவாதமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் முந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

த்ரஸ்ட்மாஸ்டரின் ‘யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக்’ என்ற சின்ன மாடல் இதைவிடக் குறைந்த விலைக்கு வரும். அதில் நாலு பட்டன்தான், திருகும் வசதி கிடையாது. ஆசை தீர்ந்துவிடுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டுமானால் சரி. கற்றுக்கொள்ள வேண்டுமென்று இருப்பவருக்கு அதை நான் சொல்வதில்லை.

இன்னும் கொஞ்சம் காசு போட முடியும்னா?

அப்போது இரண்டு வழி இருக்கிறது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் ஒன்று. ஏறக்குறைய இரட்டிப்பு விலை வரும். குச்சியின் சாய்வை அளக்கும் இடத்தில் தேய்மானமே இல்லாத சென்சார் வைத்திருக்கிறார்கள் (அடுத்த பதிலில் விளக்குகிறேன்). இன்னொன்று அதே நிறுவனத்தின் டி.ஃபிளைட் ஹோட்டாஸ் எக்ஸ். இதில் த்ராட்டில் தனிப் பெட்டியாகக் கழன்று வரும். இடது கையில் த்ராட்டில், வலது கையில் குச்சி என்று உட்காரலாம். த்ராட்டிலின் நடுவில் ஒரு சின்னத் தடுப்பு இருக்கிறது, தள்ளும்போது அங்கே ‘டக்’ என்று நிற்கும். மெதுவாகப் பலத்தைக் குறைத்துக்கொண்டே இறங்கும்போது அது எனக்குத் தொந்தரவாக இருந்தது.

போர் விமானம்தான் ஓட்டப்போகிறேன் என்பவர் ஹோட்டாஸ் பக்கம் போகலாம். செஸ்னா போன்ற சின்ன விமானம், பயணிகள் விமானம் என்பவருக்கு டி.16000எம். ஏர்பஸ்மீது பிரியம் உள்ளவர்களுக்கு 2020இல் வந்த ஏர்பஸ் பதிப்பு சைடுஸ்டிக்கும் (பைலட்டின் பக்கவாட்டில் இருக்கும் குச்சி) இருக்கிறது. உள்ளே பெரும்பாலும் டி.16000எம்தான், கைப்பிடியின் தோற்றம் வேறு.

பத்து பிட், பதினாலு பிட், ஹால் சென்சார்... இதெல்லாம் விலையை ஏத்தறதுக்கா, இல்ல உண்மையிலேயே வித்தியாசம் இருக்கா?

பிட் கணக்கில் தொடங்குபவருக்கு வித்தியாசமே தெரியாது. பத்து பிட் என்றால் குச்சியின் முழு ஓட்டமும் 1024 படிகளாகப் பிரிகிறது. குச்சி இரு பக்கமும் சேர்த்து 40 டிகிரி சாய்வதாக வைத்துக்கொண்டால் ஒரு படி 0.04 டிகிரி. யாருடைய மணிக்கட்டுக்கும் அவ்வளவு நுணுக்கம் வராது. பதினாலு பிட்டில் 16,384 படி. அட்டையில் அச்சடிக்க நல்ல எண்தான்.

சென்சார் வேறு விஷயம். விலை குறைந்த ஜாய்ஸ்டிக்குகளில் பொட்டன்ஷியோமீட்டர் இருக்கும். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகி இருந்ததே, அதே ஜாதி. கார்பன் பூசிய தடத்தின்மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே நகரும். வருடக்கணக்கில் உரசினால் தடம் தேயும், தூசி சேரும், பழைய ரேடியோ கரகரப்பது போலவே எண்களும் குதிக்கும். ஹால் சென்சாரில் ஒரு காந்தம் நகரும், எதிரிலிருக்கும் சில்லு தொடாமலே அதை அளக்கும். உரசலே இல்லையென்றால் தேய்மானம் எங்கிருந்து வரும்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: டி.16000எம்மிலும் சாய்வுக்கு மட்டும்தான் ஹால் சென்சார். திருகுவதற்குப் பொட்டன்ஷியோமீட்டர்தான்.

நான் லெஃப்டி. எனக்கு ஏத்த மாதிரி இருக்கா?

டி.16000எம்மின் கைப்பிடித் துண்டுகளைக் கழற்றி இடது கைக்கு மாற்றி மாட்டலாம். இடது கைக்காரர்களுக்கு நான் சொல்வது அது ஒன்றுதான். எக்ஸ்ட்ரீம் 3டி புரோவின் வளைவு வலது கைக்கானது.

இதில் இன்னொரு சேதி உண்டு. ஏர்பஸ்ஸில் கேப்டன் இடது இருக்கையில் உட்கார்ந்து இடது கையால்தான் சைடுஸ்டிக்கைப் பிடிக்கிறார், வலது கை த்ராட்டிலுக்கு. தேஜஸில் குச்சி நடுவில், வலது கைக்கு. ஆகவே எந்தக் கை சரி என்பது எந்த விமானம் என்பதைப் பொறுத்தது. வலது கைக்காரர்கள்கூட இடது கையால் பழகிப் பார்க்கலாம், ஒரு வாரத்தில் கை ஒத்துக்கொள்ளும்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வீட்டுல இருக்கு. அதையே வச்சுக்கலாமா?

முதல் ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கீபோர்டைவிட எவ்வளவோ மேல். அதன் குட்டிக் குச்சியின் ஓட்டம் கட்டைவிரல் அளவுக்குத்தான் என்பதால் நுணுக்கம் குறையும். அப்புறம், விளையாட்டுப் பெட்டியில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கம்ப்யூட்டருக்கான ஜாய்ஸ்டிக் எக்ஸ்பாக்ஸிலோ பிளேஸ்டேஷனிலோ வேலை செய்யும் என்று எண்ணி வாங்காதீர்கள். எக்ஸ்பாக்ஸுக்கு ஹோட்டாஸ் ஒன், பிளேஸ்டேஷன் 4க்கு ஹோட்டாஸ் 4 என்று தனி மாடல்கள் இருக்கின்றன.

மாமா வீட்டுப் பரணில பழைய ஜாய்ஸ்டிக் ஒண்ணு கிடைச்சுது. பின்னாடி பதினஞ்சு பின் இருக்கு. செருக இடமே இல்லையே?

அது கேம்போர்ட் காலத்துப் பொருள். இப்போதைய கம்ப்யூட்டர்களில் அந்தத் துளை கிடையாது. அடாப்டர் வாங்கிச் செருகினாலும் பல மாடல்கள் வேலை செய்யாது. மாமாவிடமே பத்திரமாகக் கொடுத்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? என்னென்ன பார்க்கணும்?

தாராளமாக வாங்கலாம், ஆனால் செருகிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. நான் வாங்கிய இரண்டாவது ஜாய்ஸ்டிக் பழையது. விற்றவரை அல்சூர் மெட்ரோ வாசலில் சந்தித்தேன். பட்டன் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தேன், குச்சி ஆடவில்லை, பளபளவென்று இருந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி டேக்ஆஃப் ஓட்டத்தில் ஐம்பது நாட் (விமான வேகத்தின் அலகு) வேகத்தில் விமானம் படக்கென்று வலது பக்கம் திரும்பிப் புல்லில் இறங்கியது. மறுபடி முயன்றேன், மறுபடி அதே. என் கை அசையவே இல்லை. திருகும் பொட்டன்ஷியோமீட்டர் ஒரே ஒரு இடத்தில் தேய்ந்திருந்தது. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் ரடர் முழு வலதுக்குக் குதித்தது.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் லேப்டாப்போடுதான் போகிறேன். தர்ஷினியில் நின்றுகொண்டு காபி குடிக்கிற மேசை போதும். விண்டோஸின் ரன் பெட்டியில் ஜாய் புள்ளி சி.பி.எல். என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஜாய்ஸ்டிக்கைச் சோதிக்கும் பலகை திறக்கும். அதில் ஒரு சதுரத்துக்குள் கூட்டல் குறி ஒன்று நிற்கும். குச்சியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மிக மெதுவாக, பத்து எண்ணும் நேரத்துக்கு, நகர்த்துங்கள். குறி வழுக்கிக்கொண்டு போக வேண்டும், துள்ளக் கூடாது. நான்கு மூலையையும் தொட வேண்டும். இதையே திருகலுக்கும் த்ராட்டிலுக்கும் செய்யுங்கள். திருகலில்தான் அதிக நேரம் செலவிடுங்கள், முதலில் கெடுவது அதுதான். அப்புறம் குச்சியை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் மெதுவாகக் கைவிட்டு, ஒவ்வொரு முறையும் குறி அதே நடுவுக்கு வருகிறதா என்று பாருங்கள். மயிரிழை தள்ளி நின்றால் பரவாயில்லை, டெட்ஸோன் (நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத இடம்) வைத்துச் சமாளிக்கலாம். துள்ளல் இருந்தால் விலையைப் பாதியாகக் குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.

ஜாய்ஸ்டிக்குக்கே காசு போயிடுச்சு. சிமுலேட்டர் இலவசமா கிடைக்குமா?

கிடைக்கும். ஃபிளைட்கியர் முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்திருக்கும், பழைய லேப்டாப்பிலும் ஓரளவு ஓடும். எக்ஸ்-பிளேனுக்கு இலவச மாதிரிப் பதிப்பு உண்டு. போர் விமானப் பிரியர்களுக்கு டி.சி.எஸ். வேர்ல்டு: எஸ்.யு.-25டி என்ற ரஷ்யத் தாக்குதல் விமானமும், ஆயுதமில்லாத டி.எஃப்.-51டி மஸ்டாங்கும் இலவசமாகவே வருகின்றன. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்குப் பணம் வேண்டும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். நிலப்படங்கள் இணையத்திலிருந்து ஓடிக்கொண்டே இருப்பதால் வீட்டு இணைப்பும் தாங்க வேண்டும். உங்கள் தெருவையே மேலிருந்து பார்க்கும் சந்தோஷத்தை அது தருகிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குச்சி பிடிக்கக் கற்பதற்கு ஃபிளைட்கியர் போதும்.

செருகிட்டேன். த்ராட்டிலை முன்னாடி தள்ளினா எஞ்சின் அடங்குது, பின்னாடி இழுத்தா அலறுது. பீஸ் கெட்டுப்போச்சா?

இல்லை. சில ஜாய்ஸ்டிக்குகள் த்ராட்டில் எண்ணைத் தலைகீழாக அனுப்பும். சிமுலேட்டரின் கன்ட்ரோல் அமைப்பில் அந்த ஆக்ஸிஸுக்கு நேரே ‘ரிவர்ஸ்’ அல்லது ‘இன்வர்ட்’ என்றிருப்பதை டிக் செய்தால் முடிந்தது. மூக்கு எதிர்ப்பக்கம் போனாலும் இதே மருந்துதான். ஆனால் அதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால்தான் மூக்கு மேலே ஏற வேண்டும். விளையாட்டுப் பழக்கத்தில் பல பிள்ளைகள் இதைத் தலைகீழாக எதிர்பார்க்கிறார்கள்.

கன்ட்ரோலர், ஜாய்ஸ்டிக் இரண்டையும் சேர்த்துச் செருகியிருந்தால் இரண்டுமே ஒரே ரடரைப் பிடித்து இழுக்கும். விமானம் தானாகத் திரும்புவதற்கு இது ஒரு சாதாரணக் காரணம். ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.

லேசா தொட்டாலே மூக்கு குதிக்குது. நேரா ஓட்டவே முடியல.

தவறு உங்கள் கையில் இல்லை. நிஜ செஸ்னாவில் பைலட் பிடித்திருக்கும் யோக் என்ற கைப்பிடி கணிசமான தூரம் முன்னும் பின்னும் நகரும். மேசைமேல் இருக்கும் குச்சியோ உள்ளங்கை அளவு தூரத்தில் அதே வேலையை முடித்துவிடுகிறது. அதனால் உங்களுடைய சின்ன அசைவு விமானத்துக்குப் பெரிய அசைவாகப் போய்ச் சேர்கிறது.

சிமுலேட்டரின் கன்ட்ரோல் அமைப்பில் ‘சென்சிட்டிவிட்டி’ என்ற பக்கத்தைத் திறந்தால் ஒரு கோடு தெரியும். அதை நடுவில் தட்டையாகவும் ஓரங்களில் செங்குத்தாகவும் வளையுங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் ஏலரான், எலிவேட்டர் இரண்டுக்கும் கழித்தல் 30இல் தொடங்கலாம். டெட்ஸோன் மூன்று சதவீதம், திருகலுக்கு மட்டும் ஐந்து. அதற்கு மேல் டெட்ஸோன் ஏற்றினால் நடுவில் செத்த இடம் உண்டாகி, கை அசைத்தும் விமானம் அசையாமல் கிடக்கும். பிறகு நீங்கள் அதிகமாக அசைப்பீர்கள், மறுபடியும் குதிக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை எண்ணை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு வாரம் விட்டுவிட்டால் கை பழகும்.

டேக்ஆஃப் பண்ணும்போது வண்டி இடது பக்கமாவே இழுத்துட்டுப் போகுது. ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துடவா?

இந்தக் கேள்வியை நான் கேட்ட அளவுக்கு வேறெதையும் கேட்டதில்லை. ஒரு தம்பி உண்மையிலேயே ஜாய்ஸ்டிக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, வேறு வாங்கி, அதுவும் இழுக்கிறது என்று வந்தான். ஜாய்ஸ்டிக் சரியாகத்தான் இருந்தது. சிமுலேட்டரும் சரியாகத்தான் இருந்தது.

செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில், உள்ளிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். அதன் எதிர்விசை விமானத்தை இடது பக்கம் உருட்டப் பார்க்கிறது, அதனால் இடது சக்கரத்தில் அழுத்தம் கூடுகிறது. புரொப்பெல்லர் கிளப்பும் காற்று உடம்பைச் சுற்றிச் சுழன்றுபோய் வாலின் இடது பக்கத்தில் அறைகிறது. வால் வலதுக்குப் போனால் மூக்கு இடதுக்கு வரும். மூக்கு உயர்ந்த பிறகு, கீழே இறங்கும் வலது பக்கத்து இதழ் அதிகக் காற்றைக் கடித்து அதிகமாக இழுக்கிறது. எல்லாம் சேர்ந்து இடது.

இதற்குத்தான் வலது ரடர். த்ராட்டிலை முழுக்கத் தள்ளும்போதே குச்சியைக் கொஞ்சம் வலது பக்கம் திருகிப் பிடியுங்கள். சாய்க்கக் கூடாது, திருக வேண்டும். வேகம் கூடக் கூட, ரடருக்குக் காற்றின் பலம் கிடைப்பதால் திருகலைக் குறைத்துக்கொண்டே வரலாம். 55 நாட் வேகத்தில் மெதுவாக இழுத்தால் எழும்பும், அப்போது மறுபடியும் கொஞ்சம் வலது வேண்டும். திருகும் வசதியில்லாத ஜாய்ஸ்டிக்கை வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னேனே, அது இந்தப் பதினைந்து விநாடிக்காக. நிஜமாகவே ஜாய்ஸ்டிக் பழுதா என்ற சந்தேகம் போகவில்லையென்றால், செகண்ட் ஹேண்டில் கேள்வியில் சொன்ன கூட்டல் குறிச் சோதனையைச் செய்யுங்கள். அதில் நடுவில் நின்றால் ஜாய்ஸ்டிக் நிரபராதி.

பத்து நிமிஷம் ஓட்டினா கை வலிக்குது. குச்சியை இழுத்துப் பிடிச்சுட்டே இருக்க வேண்டியிருக்கு.

டிரிம் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். விமானம் எந்த வேகத்தில் பறக்கிறதோ அந்த வேகத்துக்கு ஏற்ப எலிவேட்டரை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் சக்கரம்தான் டிரிம். அது சரியாக இருந்தால் கையை எடுத்தாலும் விமானம் அப்படியே போகும்.

ஹேட் சுவிட்ச் பக்கத்திலுள்ள இரண்டு பட்டன்களுக்கு ‘டிரிம் மேல்’, ‘டிரிம் கீழ்’ என்று கொடுத்துவிடுங்கள். இப்போது குச்சியால் மூக்கை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே பிடித்திருங்கள். த்ராட்டிலைத் தொடாதீர்கள். வேகம் நிலையானதும், நீங்கள் இழுத்துக்கொண்டிருந்தால் டிரிம் மேல் பட்டனை ஒரு தட்டு. மூக்கு ஏறப் பார்க்கும், அந்த அளவுக்குக் குச்சியைத் தளர்த்துங்கள். இன்னொரு தட்டு, இன்னும் தளர்ச்சி. ஏழெட்டுத் தட்டில் குச்சி தானாக நடுவில் நிற்கும், மூக்கு அடிவானத்தில் அசையாமல் இருக்கும். முதல்முறை கையை எடுத்துவிட்டு, விமானம் தானே பறப்பதைப் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, எனக்கு அதைப் பார்ப்பதற்காகவே சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும். டிரிம்மை வைத்து மூக்கை ஏற்றி இறக்கி ஓட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். முதலில் குச்சி, பிறகு டிரிம்.

சென்னையில ஜம்முனு ஏறுது, பெங்களூர்ல மெதுவா ஏறுது. த்ராட்டில் முழுசா போகலையோ?

சந்தேகம் நியாயமானதுதான், ஏனென்றால் பழைய ஜாய்ஸ்டிக்குகளில் தள்ளுகோல் கடைசிவரை போனாலும் எண் 95 சதவீதத்தில் நிற்பதுண்டு. சோதனைப் பலகையில் பாருங்கள். முழுக்கப் போகவில்லையென்றால் அங்கேயே ‘காலிபிரேட்’ செய்யலாம்.

முழுக்கப் போகிறதென்றால் காரணம் ஊர். மீனம்பாக்கம் கடல் மட்டத்தை ஒட்டி இருக்கிறது. தேவனஹள்ளியிலுள்ள கெம்பேகவுடா விமான நிலையம் கிட்டத்தட்ட 3000 அடி உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது. இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் பிடிமானம் குறைகிறது. ரன்வேயும் கூடுதலாகத் தின்னும். எஞ்சினுக்குப் போகும் எரிபொருளின் அளவை மாற்றும் ‘மிக்ஸ்சர்’ என்ற சிவப்புக் குமிழைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, எஞ்சின் சுற்று உச்சத்துக்கு வருமிடத்தில் நிறுத்தினால் ஓரளவு மீட்கலாம்.

பறக்கும்போதே நடுவுல ஜாய்ஸ்டிக் செத்துடுது, கழட்டி மாட்டினா வருது.

விண்டோஸ் மின்சாரத்தை மிச்சப்படுத்த யு.எஸ்.பி. துளையைத் தூங்கவைக்கிறது. பவர் ஆப்ஷனில் யு.எஸ்.பி. சஸ்பெண்டை அணைத்துவிடுங்கள். ஹப்பில் செருகாமல் நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள், எப்போதும் ஒரே துளையில்.

ஒரு வருஷம் ஆச்சு. இப்ப ரடர் நடுங்குது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். பொட்டன்ஷியோமீட்டரில் தூசி சேர்ந்திருக்கும். மெட்ரோ வேலையும் கட்டட வேலையும் ஓயாத ஊரில் இது சீக்கிரமே நடக்கும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் மட்டும் அடித்தட்டைத் திறந்து, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயைப் பொட்டன்ஷியோமீட்டரின் இடுக்கில் ஒரு பீச்சு பீச்சி, இருபது முப்பது முறை திருகுங்கள். உலரவிட்டு மூடுங்கள். சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே கூடாது, பிசுக்கு ஒட்டி இன்னும் தூசியைப் பிடிக்கும். தடமே தேய்ந்திருந்தால் இது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். பயன்படுத்தாத நேரத்தில் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்தாலே பாதித் தொல்லை இருக்காது.

மேசைமேல வச்சா தோள்பட்டை வலிக்குது, இழுத்தா நகர்ந்து போகுது.

மேசை உயரம் எழுதுவதற்கு ஏற்றது, குச்சி பிடிக்க அல்ல. என் வீட்டில் அம்மாவின் பழைய மணைப்பலகை ஒன்று இருந்தது. அதன்மேல் ஜாய்ஸ்டிக்கை வெல்குரோ பட்டையால் ஒட்டி, இரண்டு தொடைக்கும் குறுக்காக வைத்துக்கொண்டேன். குச்சி நடுவில், முழங்கை இடுப்பை ஒட்டி, முன்கை தொடைமேல். ஏழு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். குச்சியை முஷ்டியால் இறுக்காமல் மூன்று விரலால் பிடியுங்கள்.

ரடருக்குக் காலால் மிதிக்கிற பெடல் எப்ப வாங்கலாம்?

மேலே சொன்ன வலது ரடர் யோசிக்காமலே கைக்கு வந்த பிறகு. ஜாய்ஸ்டிக் விலையைவிடப் பெடல் விலை அதிகம் வரும். வாங்கினால் குச்சியின் திருகலைப் பூட்டிவிடுங்கள். டி.16000எம்மிலும் ஹோட்டாஸ் எக்ஸிலும் அதற்கு வசதி இருக்கிறது.

பையன் பத்தாவது படிக்கிறான், பைலட் ஆகணும்ங்கறான். இது படிப்புக்கு உதவுமா தம்பி, இல்ல விளையாட்டுதானா?

உதவும் அக்கா. ஆனால் எது வரை என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஓட்டும் மணிநேரம் எதுவும் லைசென்ஸ் கணக்கில் சேராது. வணிக பைலட் லைசென்ஸுக்கு 200 மணிநேரம் நிஜ விமானத்தில் பறந்திருக்க வேண்டும். ஜக்கூரில் அரசுப் பறப்புப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லாரி ரோடு பக்கம் கூட்டிப்போய் அந்தச் சின்ன விமானங்களைக் காட்டுங்கள். லட்சங்கள் செலவழிப்பதற்கு முன் மருத்துவப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். கண்ணிலோ காதிலோ தடை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

சிமுலேட்டர் தருவது வேறு. கருவிகளைப் படிப்பது, செக்லிஸ்ட் ஒழுங்கு, டிரிம், ரடர் எதற்கு என்ற புரிதல். இவற்றோடு போகிறவனுக்கு முதல் பத்து மணிநேரம் சுலபமாக இருக்கும். ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டும்: திரையில் கருவிகளையே முறைத்துப் பார்ப்பது. நிஜத்தில் கண் வெளியே, அடிவானத்தில் இருக்க வேண்டும். அதனால் கருவிப் பலகையைப் பாதி மறைத்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

சரி அண்ணா, எல்லாம் மாட்டியாச்சு. முதல் வாரம் என்ன ஓட்டட்டும்?

செஸ்னா 172, கெம்பேகவுடா, ரன்வே 09 இடது. நாலு கிலோமீட்டர் நீளம், எவ்வளவு தடுமாறினாலும் இடம் இருக்கும். அந்த ரன்வே நேர்கிழக்கைப் பார்த்துப் படுத்திருப்பதால் கணக்கும் எளிது. திசைகாட்டியில் 90 டிகிரி, அதாவது கிழக்கு, பார்த்து எழும்புங்கள், வலது ரடர் மறக்க வேண்டாம். இடது பக்கம் திரும்பி 360, வடக்கு. உயரமானி 4000 காட்டும்போது மட்டப்படுத்துங்கள். தரையே 3000 என்பதால் அது தரையிலிருந்து ஆயிரம் அடிதான். டிரிம் செய்யுங்கள். இடது, 270. ரன்வே இப்போது உங்கள் இடது ஜன்னலில் தெரியும். அதைத் தாண்டிய பின் த்ராட்டிலைக் குறையுங்கள், இடது, 180, மறுபடி இடது, 90. 65 நாட் வேகத்தில் இறங்குங்கள்.

முதல் மூன்று நாள் தரையைத் தொடவே வேண்டாம். ரன்வேக்கு மேலே நூறடி வந்ததும் முழு த்ராட்டில் கொடுத்து இன்னொரு சுற்று போங்கள். நாலாவது நாள் சக்கரத்தை வையுங்கள். வைத்த அன்றைக்கு எனக்கு ஒரு போன் போடுங்கள்.